ஃபில்டர் போட்டும் சரியாக வடிகட்டவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

இது பைத்தான் 3-இல் ஃபில்டர் (தரவிலிருந்து நிபந்தனைக்குத் தேறுபவற்றை மட்டும் எடுத்துத் தரும் ஃபங்ஷன்) எழுதுபவர்களுக்கானது. ஜாவாஸ்கிரிப்ட் வேறுபடும் இடங்களில் ஓரிரு வரி சேர்த்திருக்கிறது. நிரல் சொற்களை இங்கே ஒலிபெயர்த்துத் தமிழில் எழுதியிருக்கிறோம். எடிட்டரில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டவும். மாறிகளின் பெயரைத் தமிழிலேயே விட்டாலும் பைத்தான் 3 முகம் சுளிக்காது.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இந்த இரண்டு வரிகளை ஓட்டிவிடுங்கள். பல பிழைகள் இங்கேயே மாட்டிக்கொள்ளும்.

ஃபார் ம இன் மாதிரி: பிரிண்ட்(ரெப்ர்(ம), ரெப்ர்(சோதி(ம)))

பிரிண்ட்(இட்டர்(தரவு) இஸ் தரவு)

முதல் வரியில் "மாதிரி" என்பது நீங்கள் கையால் தட்டிய ஐந்தாறு மதிப்புகள்: தேற வேண்டியவை மூன்று, விழ வேண்டியவை மூன்று. "சோதி" என்பது உங்கள் பிரெடிகேட், அதாவது ஆம் அல்லது இல்லை சொல்ல வேண்டிய ஃபங்ஷன். வலப்பக்கம் ட்ரூ, ஃபால்ஸ் தவிர வேறு எது வந்தாலும் (மதிப்பே இல்லை என்பதைக் குறிக்கும் நன், எண், "பவுண்ட் மெத்தட்" என்று ஏதாவது) கோளாறு சோதனை ஃபங்ஷனில்தான். ரெப்ர் என்பது மதிப்பை மேற்கோள் குறி உட்பட உள்ளபடி காட்டும்; அதைப் போடாமல் வெறும் பிரிண்ட் போட்டால் கண்ணுக்குத் தெரியாத வரிமுறிவும் வெற்றிடமும் மறைந்துபோகும், அதை விட்டுவிடாதீர்கள்.

இரண்டாம் வரி ட்ரூ என்றால் உங்கள் தரவு ஒருமுறை மட்டுமே படிக்கக்கூடியது. ஃபால்ஸ் என்றால் லிஸ்ட் போல எத்தனை முறை வேண்டுமானாலும் படிக்கலாம்.

அறிகுறி: விடைக்குப் பதில் "ஃபில்டர் ஆப்ஜெக்ட் அட்..." என்று அச்சாகிறது

இது பழுதே இல்லை. பைத்தான் 2-இல் ஃபில்டர் லிஸ்டைத் தந்தது. 2008-இல் வந்த 3.0 முதல் இட்டரேட்டரைத் தருகிறது, அதாவது கேட்கக் கேட்க ஒவ்வொரு மதிப்பாகத் தந்து, ஒருமுறை படித்ததும் தீர்ந்துவிடும் ஆப்ஜெக்டை. பழைய பாடக் குறிப்புகளைப் பார்த்து எழுதினால் இப்படித்தான் ஆகும். லிஸ்ட்(ஃபில்டர்(சோதி, தரவு)) என்று சுற்றிவிட்டால் போதும்.

லென் கேட்டால் டைப்எரர், [0] கேட்டால் "நாட் சப்ஸ்கிரிப்டபிள்": இரண்டுக்கும் மருந்து அதே லிஸ்ட்தான். முதல் மதிப்பு ஒன்று மட்டும் வேண்டுமென்றால் முழு லிஸ்ட் எதற்கு? நெக்ஸ்ட்(ஃபில்டர்(சோதி, தரவு), நன்) என்று எழுதுங்கள். கடைசியில் உள்ள நன்னை விட்டால், ஒன்றும் தேறாத நாளில் ஸ்டாப்இட்டரேஷன் வெடிக்கும்.

சத்தமில்லாமல் கெடுக்கும் இடம் ஒன்று உண்டு. "இஃப் தேறியவை:" என்று எழுதி, காலியா இல்லையா என்று பார்ப்பது. ஃபில்டர் ஆப்ஜெக்ட் காலியாக இருந்தாலும் எப்போதும் ட்ரூதான். பைத்தான் 2-லிருந்து மாற்றிய நிரலில் லென், [0] இரண்டும் கத்திக் காட்டிக்கொடுத்துவிடும்; இந்த இஃப் காட்டிக்கொடுக்காது. கோப்பு முழுக்கத் தேடிப் பாருங்கள்.

அறிகுறி: விடை காலியாக வருகிறது

*முதல் முறையே காலி*

ரிட்டர்ன் விட்டுப்போயிருக்கிறதா பாருங்கள். டெஃப் போட்டு எழுதிய ஃபங்ஷனில் கடைசி வரி "ம > 50" என்று மட்டும் இருந்தால் அது கணக்குப் போட்டுக் காற்றில் விடுகிறது; திரும்பி வருவது நன். நன் என்றால் பொய், எல்லாம் விழும். ஜாவாஸ்கிரிப்டில் இதன் இரட்டைப் பிறவி, அம்புக்குறி ஃபங்ஷனுக்குச் சுருள் அடைப்பு போட்டுவிட்டு ரிட்டர்ன் எழுதாமல் விடுவது.

அடுத்து வகை. கோப்பிலிருந்தோ சிஎஸ்வியிலிருந்தோ வந்த எண் எண்ணே அல்ல, சரம். "50" == 50 என்பது ஃபால்ஸ். மேலே சொன்ன ரெப்ர் சோதனையில் மேற்கோள் குறி தெரிந்தால் இன்ட் போட்டு மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள்.

அதுவும் சரி என்றால் வால்: கோப்பின் ஒவ்வொரு வரியும் வரிமுறிவோடு வரும், "ஆம்" என்பதோடு ஒத்துப்போகாது. ஸ்ட்ரிப் போடுங்கள். ஸ்ட்ரிப் போட்டும் முதல் வரி மட்டும் அடம்பிடித்தால் அது விண்டோஸ் எக்ஸெல் சேமித்த கோப்பின் தலையில் ஒட்டிய, கண்ணுக்குத் தெரியாத பிஓஎம் குறி. கோப்பைத் திறக்கும்போது என்கோடிங்கை யுடிஎஃப்-8-சிக் என்று கொடுத்தால் உதிர்ந்துவிடும். இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்த தரவில் பூஜ்ஜிய அகல இடைவெளி இருந்தால் அதற்கும் ஸ்ட்ரிப் கை கொடுக்காது. ரீப்ளேஸ் போட்டுத்தான் நீக்க வேண்டும்.

*முதல் முறை வந்தது, இரண்டாம் முறை காலி*

இட்டரேட்டர் தீர்ந்துவிட்டது. பிழைச்செய்தி வராது, அதுதான் தொல்லை. ஜாவா ஸ்ட்ரீமை இரண்டாம் முறை தொட்டால் எக்ஸெப்ஷன் எறிந்து நிறுத்தும். பைத்தான் மௌனமாகக் காலிப் பையைக் கொடுக்கும். இந்த விஷயத்தில் ஜாவாவின் முறையே மேல்.

முழுதும் தீராமல் பாதி தீர்வது இன்னும் மோசம். பாருங்கள் (லாம்ப்டா என்பது பெயரில்லாத ஒருவரி ஃபங்ஷன்):

மதிப்பெண்கள் = [35, 72, 48, 91, 60]

தேறியவை = ஃபில்டர்(லாம்ப்டா ம: ம >= 50, மதிப்பெண்கள்)

பிரிண்ட்(91 இன் தேறியவை) → ட்ரூ

பிரிண்ட்(லிஸ்ட்(தேறியவை)) → [60]

72, 91, 60 மூன்றும் வர வேண்டிய இடத்தில் 60 மட்டும். 91 இருக்கிறதா என்று கேட்டதே 72-ஐயும் 91-ஐயும் தின்றுவிட்டது. எனி, ஆல், நெக்ஸ்ட், இன் நான்கும் இப்படிப் பாதியில் நிறுத்தும். சம், மேக்ஸ், லிஸ்ட் முழுதும் துடைத்துவிடும். பிழை தேடுவதற்காக நடுவில் நீங்களே ஒரு பிரிண்ட்(லிஸ்ட்(...)) சொருகியிருந்தாலும் இதே கதைதான். பழுது பார்க்கப் போட்ட வரியே பழுதாகிவிடும்.

தரவு நினைவகத்தில் அடங்குமென்றால் ஒரே முறை லிஸ்டாக்கி அதை மாறியில் வையுங்கள். அடங்காதென்றால் ஒவ்வொரு முறையும் புது ஃபில்டர் தரும் சிறு ஃபங்ஷன் எழுதி, வேண்டும்போதெல்லாம் அழையுங்கள். ஆனால் அடியில் இருக்கும் மூலமும் மறுபடி படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். பைத்தானோடு வரும் இட்டர்டூல்ஸ் தொகுப்பில், ஓர் இட்டரேட்டரை இரண்டு பிரதியாக்கும் டீ என்று ஒன்று உண்டு. இரண்டு பிரதிகளும் கிட்டத்தட்டச் சேர்ந்தே நகர்ந்தால்தான் அதனால் லாபம். ஒன்றை முழுதும் முடித்துவிட்டு மற்றதைத் தொட்டால் அது உள்ளே எல்லாவற்றையும் சேமித்துத்தான் வைத்திருக்கும். அதற்கு லிஸ்டே தேவலை.

அறிகுறி: எல்லாமே தேறிவிடுகிறது

சல்லடையில் ஓட்டை இருக்கிறது, அடியில் தகடு இல்லை. காரணங்கள் பெரும்பாலும் தட்டச்சில்தான்.

அடைப்புக்குறி மறந்தது: லாம்ப்டா ச: ச.இஸ்டிஜிட் என்று எழுதி, முடிவில் () விட்டுவிட்டால் திரும்புவது விடையல்ல, மெத்தட்டே. மெத்தட் எப்போதும் உண்மை. ரெப்ர் சோதனை இதைப் பளிச்சென்று காட்டும்.

"ஆர்" பிழை: ம == 2 ஆர் 3 என்பது "2 அல்லது 3-க்குச் சமமா" என்று படிக்கப்படாது. ம 2-க்குச் சமமில்லை என்றால் 3 திரும்பும், 3 உண்மை. ம இன் (2, 3) என்று எழுதுங்கள்.

"ஃபால்ஸ்" என்ற சரம்: மேற்கோளுக்குள் இருக்கும் "ஃபால்ஸ்", "0" இரண்டும் காலியல்லாத சரங்கள். ஆகவே உண்மை.

நான் (நாட் எ நம்பர்) மதிப்பு: எண் அல்லாத இந்த மிதவை (ஃப்ளோட்) எதற்கும் சமமில்லை, தனக்கே சமமில்லை. ம != நான் என்று வடிகட்டினால் ஒன்றும் விழாது. மேத்.இஸ்நான் பயன்படுத்துங்கள்.

அசிங்க் ஃபங்ஷன்: அசிங்க் டெஃப் போட்ட சோதனையை ஃபில்டருக்குக் கொடுத்தால் திரும்புவது விடையல்ல, இன்னும் ஓடாத வேலையான கோருட்டீன், அது உண்மை. "நெவர் அவெய்ட்டட்" என்ற எச்சரிக்கை எங்காவது ஓரமாக வந்திருக்கும். ஜாவாஸ்கிரிப்டில் அதே இடத்தில் பிராமிஸ் வரும், அந்த எச்சரிக்கை கூட வராது. விடைகளை முதலில் அவெய்ட் செய்து சேர்த்துக்கொண்டு, பிறகு வடிகட்டுவதே வழி.

அறிகுறி: சில மட்டும் காணோம், அல்லது தேறக்கூடாதது தேறுகிறது

நேரம் தின்பது இந்த அறிகுறிதான். சுலபமானதிலிருந்து போவோம்.

*பூஜ்ஜியம் மட்டும் காணோம்*

ஃபில்டர்(நன், தரவு) என்று எழுதியிருக்கிறீர்கள். நன் கொடுத்தால் உண்மையானவற்றை மட்டும் வை என்று பொருள். நன்னோடு சேர்ந்து 0, 0.0, காலிச் சரம், காலி லிஸ்ட் எல்லாம் போகும். மழையளவில் 0 என்பது "மழை இல்லை", நன் என்பது "அளக்கவில்லை". இரண்டையும் ஒரே குப்பையில் போட்டால் சராசரி ஏறிவிடும். லாம்ப்டா ம: ம இஸ் நாட் நன் என்று எழுதவும்.

*தேடிய சொல் முதலில் இருந்தால் மட்டும் விழுகிறது, இல்லாதவை தேறுகின்றன*

ச.ஃபைண்ட்(...) என்பதை அப்படியே சோதனையாக வைத்திருக்கிறீர்கள். கிடைக்காவிட்டால் அது -1 தரும், அது உண்மை. முதலிலேயே கிடைத்தால் 0 தரும், அது பொய். கிட்டத்தட்டத் தலைகீழ். "இன்" போடுங்கள்.

*ஒன்றுவிட்டு ஒன்று தப்பிக்கிறது*

ஃபில்டரை விட்டுவிட்டு, ஃபார் சுழலுக்குள்ளேயே லிஸ்டிலிருந்து ரிமூவ் செய்கிறீர்கள். [2, 4, 6, 7, 8]-இல் இரட்டைகளை இப்படி நீக்கினால் [4, 7] மிஞ்சும். 2 போனதும் 4 அதன் இடத்துக்கு நகர்கிறது, சுழலோ அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறது, 4 தப்பிவிட்டது. புது லிஸ்ட் உண்டாக்குங்கள். அதே லிஸ்ட் ஆப்ஜெக்டை மற்றவர்களும் பிடித்திருக்கிறார்கள் என்றால் எண்கள்[:] = [...] என்று உள்ளடக்கத்தை மட்டும் மாற்றுங்கள். டிக்ஷ்னரியில் இதே வேலையைச் செய்தால் "சேஞ்ச்ட் சைஸ் டியூரிங் இட்டரேஷன்" என்று ரன்டைம்எரர் வரும், அது உதவிதான்.

*தமிழ்ச் சரங்களில் மட்டும் பிசகுகிறது*

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். "தமிழ்" என்ற சொல்லை எழுத்தெழுத்தாக ஃபில்டர்(ஸ்ட்ர்.இஸ்அல்ஃபா, ...) வழியே விட்டு ஒட்டினால் "தமழ" என்று வரும். பைத்தானுக்கு அந்தச் சொல் மூன்று எழுத்தல்ல, ஐந்து குறியீடு: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. கொக்கியும் புள்ளியும் யூனிகோடில் "எழுத்து" வகையில் இல்லை, "குறி" வகையில் இருக்கின்றன. இஸ்அல்ஃபா அவற்றை உதிர்த்துவிடுகிறது. யூனிகோட்டேட்டா.கேட்டகரி தரும் குறியீட்டின் முதல் எழுத்து எல் அல்லது எம் என்றால் வைத்துக்கொள்ளும்படி சோதனையை மாற்றினால் சொல் முழுதாக வரும்.

இதன் மறுபக்கம் ஸ்டார்ட்ஸ்வித். [கல், கிளி, கூடை, கடல்] இதில் "க"வில் தொடங்குவதை எடுத்தால் நான்கும் வரும், ஏனென்றால் கி, கூ இரண்டிலும் முதல் குறியீடு க-தான். க என்ற எழுத்தில் தொடங்குவதே வேண்டுமென்றால், இரண்டாவது குறியீடு "குறி" வகையாக இருக்கக்கூடாது என்ற நிபந்தனையையும் சேருங்கள். ஒரே குறியீடு உள்ள சொல் வந்தால் இரண்டாவதே இருக்காது; நீளத்தை முன்னாடியே பார்த்துவிடவும்.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு "கொடி" சமமில்லை என்று வந்தால் லென் கேளுங்கள். ஒன்று 4, மற்றது 5 என்றால், ஒருவர் ஒகரக் குறியை ஒரே குறியீடாக அடித்திருக்கிறார், இன்னொருவர் ஒற்றைக் கொம்பும் காலுமாக அடித்திருக்கிறார். யூனிகோட்டேட்டா.நார்மலைஸ் கொண்டு இரண்டையும் என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகு ஒப்பிடவும். இந்த வேலையைச் சோதனைக்குள் வைக்காமல் தரவு உள்ளே வரும் வாசலிலேயே ஒருமுறை செய்துவிடுவது நல்லது.

எண்களில்: ௧௨ என்ற தமிழ் இலக்கங்கள் இஸ்டிஜிட்டில் தேறும், இன்ட் போட்டால் 12-ம் கிடைக்கும். ஆனால் பத்தைக் குறிக்கும் ௰ இஸ்டிஜிட்டில் விழும், இஸ்நியூமெரிக்கில் தேறும். மேலே ஏறிய சிறு ² இஸ்டிஜிட்டில் தேறி, இன்ட் போடும்போது வேல்யூஎரர் தரும். இன்ட்டுக்குக் கொடுக்கப்போகிறீர்கள் என்றால் இஸ்டெசிமல்தான் சரியான காவல்.

*ஓர் இடத்துக்கு மேல் எல்லாம் காணோம், பிழைச்செய்தியும் இல்லை*

டேக்வைல் போட்டிருக்கிறீர்களா பாருங்கள். அது முதல் தோல்வியிலேயே கடையை மூடும். தோற்ற அந்த ஒரு மதிப்பையும் விழுங்கியிருக்கும். வரிசைப்படுத்தாத தரவில் அதற்கு வேலையில்லை.

டேக்வைல் இல்லை என்றால், சோதனைக்குள் எங்கோ நெக்ஸ்ட் இருக்கிறது. இன்னொரு இட்டரேட்டரிலிருந்து கொடியை (ட்ரூ அல்லது ஃபால்ஸ் அடையாளத்தை) எடுத்துப் பார்க்கும் லாம்ப்டா ம: நெக்ஸ்ட்(கொடிகள்) போன்ற எழுத்து. மதிப்புகள் 10, கொடிகள் 7 என்றால் எட்டாவதில் ஸ்டாப்இட்டரேஷன் எழும். வெளியே இருக்கும் லிஸ்ட் அதை "தரவு முடிந்தது" என்று எடுத்துக்கொண்டு அமைதியாக நிறுத்தும். உறுதி செய்ய எளிய வழி: ஃபில்டரை எடுத்துவிட்டு அதே சோதனையை லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷனாக எழுதி ஓட்டுங்கள். ஒளிந்திருந்த பிழை முகத்தைக் காட்டும். திருத்தம், ஸிப்(மதிப்புகள், கொடிகள், ஸ்ட்ரிக்ட்=ட்ரூ) என்று இணைத்து வடிகட்டுவது; 3.10 முதல் உண்டு, நீளம் பிசகினால் கத்தும். இட்டர்டூல்ஸின் கம்ப்ரெஸ் பக்கம் போகவேண்டாம், அதுவும் குட்டையானது முடிந்ததும் சத்தமின்றி நிற்கும்.

அறிகுறி: சுழலில் பல நிபந்தனை போட்டால் கடைசியானது மட்டும் வேலை செய்கிறது

எண்கள் = ரேஞ்ச்(2, 31)

ஃபார் வ இன் (2, 3, 5): எண்கள் = ஃபில்டர்(லாம்ப்டா எ: எ % வ, எண்கள்)

2, 3, 5 எதனாலும் வகுபடாத 7, 11, 13, 17, 19, 23, 29 என்று ஏழு எண்கள் வர வேண்டும். வருவது 23 எண்கள்; 5-இன் மடங்குகள் ஆறு மட்டும் போயிருக்கும். மூன்று லாம்ப்டாக்களும் "வ" என்ற பெயரைத்தான் பிடித்திருக்கின்றன, அன்றைய மதிப்பை அல்ல. லிஸ்ட் கேட்கும் நேரத்தில் வ 5-ஆகிவிட்டது.

லாம்ப்டா எ, வ=வ: எ % வ என்று எழுதினால் மதிப்பு அங்கேயே உறையும். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்றால் சோதனையைத் திருப்பித் தரும் தனி ஃபங்ஷன் எழுதலாம். ஒவ்வொரு சுற்றிலும் லிஸ்டாக்கினாலும் சரியாகிவிடும். ஆனால் அடுத்தவர் வந்து "இந்த லிஸ்ட் எதற்கு" என்று எடுத்துவிடுவார், பிழை திரும்பி வரும்.

அறிகுறி: பிழைச்செய்தி வருகிறது

"பூல் ஆப்ஜெக்ட் இஸ் நாட் காலபிள்": ஃபில்டருக்கு சோதி என்று கொடுக்காமல் சோதி(...) என்று அழைத்த விடையைக் கொடுத்திருக்கிறீர்கள். "ஃபங்ஷன் ஆப்ஜெக்ட் இஸ் நாட் இட்டரபிள்": இரண்டு ஆர்கியுமென்டும் இடம் மாறியிருக்கின்றன, ஃபங்ஷன் முதலில், தரவு பிறகு.

நன்னையும் எண்ணையும் ஒப்பிட முடியாது என்ற டைப்எரர், ஃபில்டர் எழுதிய வரியில் வராமல் ஐம்பது வரி தள்ளி ஃபார் சுழலில் வரும். ஃபில்டர் கேட்டால்தான் வேலை செய்யும், ஆகவே அடி விழுவதும் கேட்ட இடத்தில்தான். ட்ரேஸ்பேக்கில் கடைசி வரிக்குச் சற்று மேலே இருக்கும் லாம்ப்டாவைப் பாருங்கள். ட்ரை, எக்ஸெப்டை ஃபில்டர் வரியைச் சுற்றிப் போட்டுப் பயனில்லை, சோதனைக்குள்ளே போடுங்கள்.

"ஐஓ ஆபரேஷன் ஆன் க்ளோஸ்ட் ஃபைல்": வித் தொகுதிக்குள் கோப்பின் மேல் ஃபில்டர் போட்டு, வெளியே வந்து படிக்கிறீர்கள். அதற்குள் கோப்பு மூடியாகிவிட்டது. வித் உள்ளேயே லிஸ்டாக்குங்கள். பெரிய கோப்பென்றால் வித்தையே ஒரு ஜெனரேட்டர் ஃபங்ஷனுக்குள் வைத்து ஈல்ட் செய்யுங்கள்.

"ஜெனரேட்டர் ஆல்ரெடி எக்ஸிக்யூட்டிங்" வந்து, நிரலில் த்ரெட்கள் இருந்தால், ஒரே ஜெனரேட்டரை இரண்டு த்ரெட்கள் இழுக்கின்றன. பூட்டு போட்டால் செய்தி நிற்கும். ஆனால் எந்த மதிப்பு எந்த த்ரெட்டுக்குப் போக வேண்டும் என்ற கேள்வி அப்படியே இருக்கும். அந்த அமைப்பை வடிவமைத்தவரையோ, த்ரெட் வேலையில் கை பழகிய சீனியரையோ கூப்பிட வேண்டிய இடம் இது.

அறிகுறி: நிற்காமல் ஓடுகிறது, அல்லது மிக மெதுவாக ஓடுகிறது

முடிவில்லாத மூலம்: இட்டர்டூல்ஸ்.கவுண்ட்டின் மேல் ம < 10 என்று ஃபில்டர் போட்டு லிஸ்ட் கேட்டால் 9-க்குப் பிறகும் தேடிக்கொண்டே இருக்கும். இனி ஒன்றும் வராது என்பது உங்களுக்குத் தெரியும், ஃபில்டருக்குத் தெரியாது. ஏறுவரிசை என்பதால் இங்கே டேக்வைல் பொருந்தும். எத்தனை வேண்டும் என்ற எண்ணிக்கை தெரிந்தால் ஐஸ்லைஸ். ஆனால் ஐஸ்லைஸ் 20 கேட்டு 10 மட்டுமே தேறினாலும் அதே முடிவில்லா ஓட்டம்தான்.

மெதுவென்றால் சோதனைக்குள் லிஸ்ட் தேடல் இருக்கிறதா பாருங்கள். 1,00,000 மதிப்புகளை 20,000 உள்ள லிஸ்டில் "இன்" போட்டுத் தேடினால், மோசமான நிலையில் 200 கோடி ஒப்பீடு. அந்த லிஸ்டை ஃபில்டருக்கு வெளியே ஒருமுறை செட் ஆக்கிவிட்டால் ஒவ்வொரு தேடலும் சராசரியாக ஓரிரு அடியில் முடியும். செட்டை லாம்ப்டாவுக்குள்ளேயே உருவாக்கினால் முன்னைவிட மோசமாகும். இதைச் செய்பவர்கள் உண்டு. உள்ளே லிஸ்ட்கள் இருந்தால் செட் ஏற்காது, டியூப்பிளாக மாற்றிக்கொள்ளவும்.

பிறகு வரிசை. "ஆண்ட்" கொண்டு சேர்த்த நிபந்தனைகளில் மலிவானது முன்னே: நீளம் பார்ப்பது முதலில், ரெகெக்ஸ் பிறகு, கோப்பையோ நெட்வொர்க்கையோ தொடுவது கடைசியில். லாம்ப்டாவைக் காம்ப்ரிஹென்ஷனாக மாற்றினால் ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு ஃபங்ஷன் அழைப்பு மிச்சம். கொஞ்சம் வேகம் கிடைக்கும், அதிசயம் நடக்காது. எங்கே நேரம் போகிறது என்று சிப்ரொஃபைல் போட்டுப் பார்த்த பிறகு கை வையுங்கள்.

சோதனை ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு டேட்டாபேஸ் கேள்வி அனுப்புகிறது என்றாலோ, அட்டவணை முழுவதையும் இழுத்து வந்து பைத்தானில் வடிகட்டுகிறது என்றாலோ, ஃபில்டரைத் தட்டி நிமிர்த்துவதில் அர்த்தமில்லை. நிபந்தனையை எஸ்க்யூஎல் கேள்வியின் "வேர்" (எங்கே என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்) பகுதிக்குக் கொண்டுபோங்கள். அங்கே போட்டும் மெதுவாக இருந்தால், கேள்வியை டேட்டாபேஸ் எப்படி ஓட்டுகிறது என்று காட்டும் எக்ஸ்ப்ளைன் கட்டளையின் விடையோடு டேட்டாபேஸ் பார்ப்பவரிடம் போங்கள்; ஓடிக்கொண்டிருக்கும் பெரிய அட்டவணையில் இண்டெக்ஸ் சேர்ப்பது அவருடைய கையால் நடக்க வேண்டிய வேலை. போகும்போது இவை கையில் இருந்தால் அவர் உங்களைத் திருப்பி அனுப்ப மாட்டார்: எத்தனை வரிசை உள்ளே போகிறது, எத்தனை தேறுகிறது, எத்தனை விநாடி ஆகிறது, பிழையைத் திரும்பக் காட்டும் பத்து வரி நிரல்.